தேடல் படிவத்திலிருந்து வினவல் வரை: நிபந்தனைகளை எந்த வழியில் கோப்பது?

"1990க்குப் பின் வெளிவந்த நூல், தமிழிலோ மலையாளத்திலோ இருக்க வேண்டும், இந்தக் கிளையில் ஒரு பிரதியாவது இப்போது அலமாரியில் இருக்க வேண்டும்." நூலகம் ஒன்றின் தேடல் பக்கத்தில் ஒரு வாசகர் இப்படிக் கேட்கிறார். அடுத்தவர் ஆசிரியர் பெயரை மட்டும் தட்டுகிறார். மூன்றாமவர் எதையும் நிரப்பாமலே 'தேடு' பொத்தானை அழுத்துகிறார். மூவருக்கும் திரை ஒன்றுதான். தரவுத்தளத்துக்குப் போக வேண்டிய வினவலோ மூன்று விதம்.

திரை அனுப்புவது பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் ஒரு சிறு மரமாக இருக்கும். இலை ஒவ்வொன்றிலும் மூன்று செய்திகள்: எந்தப் புலம், எந்தச் செயற்குறி, எந்த மதிப்பு. இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கணுக்கள் 'எல்லாம் பொருந்த வேண்டும்' என்றோ 'ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்' என்றோ சொல்லும். இந்த மரத்தைத் தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். வினவலின் நிபந்தனைப் பகுதியாக மாற்றுவதற்குக் குறைந்தது நான்கைந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. பைத்தான் மொழி, அதன் வலைக் கட்டமைப்பான ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்ற கூட்டணியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு மொழிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சரங்களை ஒட்டுவது

வினவலை எழுத்துச் சரமாகத் துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுவது; பலர் முதலில் எழுதுவது இதைத்தான். காலிப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆண்டு வந்திருந்தால் ஆண்டுக்கான துண்டைச் சேர், மொழி வந்திருந்தால் மொழிக்கான துண்டைச் சேர், கடைசியில் 'ஆண்ட்' (AND, இதுவும் அதுவும்) போட்டு எல்லாவற்றையும் இணை. முதல் துண்டுக்கு முன் 'ஆண்ட்' வருமா வராதா என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, எப்போதும் உண்மையான 1=1 என்று தொடங்குகிறவர்களும் உண்டு. அழகில்லை, ஆனால் தவறும் இல்லை. ஜாவா உலகில் மைபேட்டிஸ் இதே வேலையைத் தன் எக்ஸ்எம்எல் குறிகளுக்குள் ஒழுங்காகச் செய்கிறது; தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற 'ஆண்ட்'டை அதுவே கிள்ளி எறிந்துவிடும்.

சரத்தை ஒட்டினாலே எஸ்.கியூ.எல். ஊடுருவல் (மதிப்புக்குள் மறைத்து அந்நியக் கட்டளையை நுழைப்பது) என்று அலறுவது மிகை. மதிப்புகளைச் சரத்துக்குள் செருகாமல் இடக்குறி வைத்து, தனியே பராமீட்டராக அனுப்பினால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. எனக்குக் கவலை தருவன வேறு மூன்று.

முதலாவது, பராமீட்டராக அனுப்பக்கூடியது மதிப்பை மட்டுமே. புலத்தின் பெயரையோ, ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதையோ அப்படி அனுப்ப முடியாது. அவை சரத்துக்குள்தான் போயாக வேண்டும். அங்கே உலாவியிலிருந்து வந்த பெயரை அப்படியே ஒட்டினால், மதிப்புகளுக்குக் காட்டிய கவனம் அத்தனையும் வீண்.

இரண்டாவது, அடைப்புக்குறி. எஸ்.கியூ.எல். மொழியில் 'ஆண்ட்', 'ஆர்' (OR, இது அல்லது அது) இரண்டில் 'ஆண்ட்'தான் இறுக்கமாகப் பிடிக்கும். நூலக ஊழியர் தம் கிளையின் பதிவுகளை மட்டுமே பார்க்க வேண்டும் என்று 'கிளை = 4 ஆண்ட்' என்று எழுதி, அதன் பின்னால் பயனர் தந்த 'மொழி = தமிழ் ஆர் மொழி = மலையாளம்' என்பதை அடைப்புக்குறி இல்லாமல் ஒட்டினால், நான்காம் கிளையின் தமிழ் நூல்களோடு எல்லாக் கிளைகளின் மலையாள நூல்களும் வந்து நிற்கும். நூல் பட்டியலில் இது சிரித்துவிட்டுப் போகும் பிழை. உறுப்பினர்களின் இரவல் பதிவுகளில் இதுவே தகவல் கசிவு. மரத்தை நேரடியாகச் சரமாக்குகிறவர் ஒவ்வொரு கணுவையும் கேள்வியே கேட்காமல் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட வேண்டும். மிகுதியான அடைப்புக்குறியால் எந்தத் தரவுத்தளமும் வருந்துவதில்லை.

மூன்றாவது, பட்டியல். 'இந்த மொழிகளுள் ஒன்று' என்பதற்கு 'இன்' போட்டு அடைப்புக்குறிக்குள் இடக்குறிகளை அடுக்குவோம். பட்டியல் காலியாக வந்தால் வெற்று அடைப்புக்குறி மிஞ்சும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் அதை இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பும். எஸ்கியூலைட் பேசாமல் ஏற்றுக்கொண்டு 'பொருந்தவில்லை' என்று விடை தரும். சோதனைகளை எஸ்கியூலைட்டில் ஓட்டிவிட்டு உண்மையான சர்வரில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு நாள் நேரில் வந்து வணக்கம் சொல்லும். பட்டியல் நீண்டாலும் தொல்லைதான்: எஸ்கியூஎல் சர்வர் ஒரு வினவலுக்கு 2,100 பராமீட்டர்களோடு நிறுத்திக்கொள்ளும், ஆரக்கிளின் பழைய பதிப்புகள் ஒரு பட்டியலில் 1,000 மதிப்புகளுக்கு மேல் ஏற்காது. போஸ்ட்கிரெஸில் பட்டியல் முழுவதையும் ஒரே அணியாக, ஒரே பராமீட்டராக அனுப்பி '= எனி' என்று ஒப்பிடலாம். காலி அணியும் அங்கே பிழையாகாது. அதனால் சரத்தைக் கையால் எழுதுகிறவர்களுக்கு அந்த வடிவத்தையே சொல்வேன்.

ஒரே வினவலை எழுதி நிரந்தரமாக வைப்பது

ஒட்டும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒவ்வொரு புலத்துக்கும் 'பராமீட்டர் நல் (NULL, மதிப்பு இல்லை என்ற குறி) ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் புலம் அதற்குச் சமமாக இருக்க வேண்டும்' என்று எழுதிவிடுவது. வினவல் ஒன்றே ஒன்று. எவரும் எடுத்து வாசிக்கலாம். தரவுத்தள நிர்வாகி தனியே ஓட்டிப் பார்க்கலாம். ஐந்தாறு புலங்கள் மட்டுமே உள்ள, மாறாத அறிக்கைப் பக்கங்களுக்கு இது இன்றும் நல்ல வழி என்பேன்.

சிக்கல் செயல்திட்டத்தில், அதாவது விடையை எந்த வழியில் தேடுவது என்று தரவுத்தளம் போடும் கணக்கில், வருகிறது. போஸ்ட்கிரெஸில் முன்தயாரித்த வினவல் முதல் ஐந்து முறை அந்தந்த மதிப்புகளைப் பார்த்துத் தனித்தனியாகத் திட்டமிடப்படும். அதன் பிறகு, எல்லா மதிப்புகளுக்கும் பொதுவான ஒரு திட்டம் அவற்றைவிட அதிகச் செலவு பிடிக்காது என்று தோன்றினால் அதையே பிடித்துக்கொள்ளும். மதிப்பு தெரிந்து திட்டமிடும்போது 'நல் என்பது நல்' என்ற பகுதி உண்மை என்று கண்டு முழுவதுமாக உதிர்க்கப்படும். இன்டெக்ஸ் (விரைவாகத் தேடத் தரவுத்தளம் வைத்திருக்கும் சுட்டுப் பட்டியல்) வேலை செய்யும். பொதுத் திட்டத்தில் அந்த 'ஆர்' உதிராது. அதைச் சுமந்துகொண்டு அட்டவணை முழுவதையும் வருட நேரும். முதல் சில முறை பறந்துவிட்டுப் பிறகு நொண்டும் வினவலைக் கண்டால் இதைச் சந்தேகிக்கலாம். போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து எந்த வகைத் திட்டம் வேண்டும் என்று நாமே கட்டாயப்படுத்த ஓர் அமைப்பு இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் ஒவ்வொரு முறையும் மறுதொகுப்புச் செய்யச் சொல்லும் குறிப்பை வினவலின் கடைசியில் சேர்ப்பார்கள்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. நல் என்ற ஒரே சொல்லை 'இந்த வடிகட்டி வேண்டாம்' என்பதற்குச் செலவழித்துவிட்டோம். 'பதிப்பாண்டு தெரியாத நூல்களைக் காட்டு' என்று நூலகர் கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை. 'அல்லது' சேர்ந்த தேடல்களும் இதில் அடங்கா. மரமாக வரும் தரவுக்கு இந்த வழி பொருந்தாது.

அகராதியை விரித்து ஊற்றுவது

ஜாங்கோவில் ஆசை காட்டும் குறுக்குவழி இது. புலத்தின் பெயரும் செயற்குறியும் சேர்ந்த சாவிகள் கொண்ட அகராதியை (சாவியும் மதிப்பும் இணைகளாக உள்ள தரவை), இரண்டு நட்சத்திரக் குறி போட்டு அப்படியே வடிகட்டும் ஃபில்டர் முறைக்குள் விரித்துவிடலாம். ஒரே வரி. மாதிரி காட்டுவதற்கு மிக நன்றாக இருக்கும்.

அகராதியின் சாவிகள் நம் நிரலிலேயே எழுதப்பட்டவை என்றால் தாராளமாகச் செய்யலாம். அவை உலாவியிலிருந்து வருகின்றன என்றால் கூடவே கூடாது. ஜாங்கோவின் சாவிகள் உறவுகளைத் தாண்டிப் போகும். நூலிலிருந்து இரவலுக்கு, இரவலிலிருந்து உறுப்பினருக்கு, உறுப்பினரிடமிருந்து அவருடைய கடவுச்சொல்லின் சுருக்கத்துக்கு (ஹாஷ், கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் வடிவம்) என்று இரட்டை அடிக்கோடுகளைப் போட்டு நடந்து, 'இந்த எழுத்தில் தொடங்குகிறதா' என்று கேட்கலாம். விடையில் நூல் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. எழுத்தெழுத்தாகச் சுருக்கம் முழுவதையும் கறந்துவிடலாம். இதில் எஸ்.கியூ.எல். ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை; கட்டமைப்பு தான் சொல்லப்பட்ட வேலையைத்தான் செய்தது. ரூபி மொழியின் ரான்சாக் நிரல் நூலகத்திலும் இதே வகைக் கசிவு பேசப்பட்டு, 2023இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து எந்தப் புலங்களில் தேடலாம் என்று வெளிப்படையாகப் பட்டியலிடுவதைக் கட்டாயமாக்கினார்கள்.

ஊடுருவலும் நடக்காமல் இல்லை. 2025 நவம்பரில் ஜாங்கோ குழு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-64459 என்ற எண்ணுள்ள ஓட்டையை அடைத்து 5.2.8, 5.1.14, 4.2.26 பதிப்புகளை வெளியிட்டது. ஃபில்டர், எக்ஸ்க்ளூட், கெட் முறைகளும், நிபந்தனைகளைக் கட்ட உதவும் கியூ வகுப்பும் உள்ளுக்குள் பயன்படுத்தும் 'இணைப்பான்' என்ற சாவியை, விரித்து ஊற்றிய அகராதி வழியாக வெளியார் நிரப்ப முடிந்தது. 'ஆண்ட்' அல்லது 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் எந்தச் சரமும் உட்கார முடிந்தது. பதிப்பை உயர்த்தியதும் அந்த ஓட்டை அடைபடும். முந்தைய பத்தியில் சொன்ன கடவுச்சொல் நடைப்பயணம் அடைபடாது. பிழை எங்கே இருக்கிறது என்பதை இந்த வேறுபாடே காட்டிவிடுகிறது.

நிபந்தனையைப் பொருளாகக் கட்டுவது

ஜாங்கோவின் கியூ, எஸ்.கியூ.எல். ஆல்கெமியின் கோவைகள், ஜாவாவில் ஜூக், டாட்நெட்டில் கோவை மரங்கள்: எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. நிபந்தனை என்பது சரம் அல்ல. பிற நிபந்தனைகளோடு சேர்க்கக்கூடிய, தலைகீழாக்கக்கூடிய ஒரு பொருள். மரத்தில் கீழிருந்து மேலே ஏறும் சிறு சார்பு ஒன்றை எழுதினால் போதும். இலைக்கு ஒரு பொருள், கணுவுக்குப் பிள்ளைகளை இணைத்த ஒரு பொருள். அடைப்புக்குறி தானே விழும், மதிப்புகள் தாமே பராமீட்டராகும். ஊழியரின் கிளைக் கட்டுப்பாட்டைக் கடைசியில் வெளியிலிருந்து 'ஆண்ட்' போட்டு இணைத்தால் உள்ளே எத்தனை 'ஆர்' இருந்தாலும் அது அசையாது.

நான் இந்த வழிக்குத்தான் வாக்களிக்கிறேன். ஆனால் இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கியும் இருக்கிறேன். முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், தேர்ந்தெடுத்த கிளைகளின் உறுப்பினர்களுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் பக்கம் ஒன்றை எழுதினேன். காலி கியூ ஒன்றில் தொடங்கி, தேர்ந்த ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றாக 'ஆர்' போட்டுச் சேர்த்துக்கொண்டே போகும் சுழற்சி. ஒரு நாள் ஒருவர் எந்தக் கிளையையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தினார். சுழற்சி ஒரு முறையும் ஓடவில்லை. காலி கியூ காலியாகவே ஃபில்டருக்குள் போனது. ஜாங்கோவுக்குக் காலி கியூ என்றால் நிபந்தனையே இல்லை என்று பொருள். எல்லா உறுப்பினர்களுக்கும் செய்தி போனது. தொலைபேசி மாலை வரை ஓயவில்லை.

தருக்கத்தில் இதற்கு ஐயத்துக்கு இடமே இல்லை. காலிப் பட்டியலில் 'எல்லாம் பொருந்துகின்றனவா' என்றால் ஆம். 'ஏதேனும் பொருந்துகிறதா' என்றால் இல்லை. பைத்தானின் ஆல், எனி சார்புகள் அப்படியே சொல்கின்றன. காலி கியூ மட்டும் இரண்டு இடத்திலும் 'நான் இல்லாததாக நினைத்துக்கொள்' என்கிறது. எஸ்.கியூ.எல். ஆல்கெமி 1.4 பதிப்பில் காலியான இணைப்புகளை எச்சரிக்கைக்கு உள்ளாக்கி, தொடக்கத்திலேயே உண்மை அல்லது பொய் என்று வைக்கச் சொன்னது. ஜூக் மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது: உண்மை நிபந்தனை, பொய் நிபந்தனை, நிபந்தனை இன்மை. எனக்குப் பிடித்தது அந்த அணுகுமுறை. எழுதுகிறவர் ஒரு நொடியாவது நின்று எது வேண்டும் என்று யோசிக்க நேர்கிறது. ஜாங்கோவில் 'ஏதேனும்' கணு காலியாக வந்தால், முதன்மைச் சாவி காலிப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நானே திருப்பி அனுப்புகிறேன். அது எதற்கும் பொருந்தாது. செய்தி அனுப்புவது, அழிப்பது போன்ற வேலைகளில் காலி மரத்தையே ஏற்பதில்லை.

இன்னொரு சறுக்கல் நுட்பமானது. ஒரு நூலுக்குப் பல பிரதிகள். பிரதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை, ஒரு நிலை. 'மத்தியக் கிளையில் உள்ளது', 'அலமாரியில் உள்ளது' என்ற இரண்டு இலைகளையும் ஒரே ஃபில்டர் அழைப்பில் தந்தால், ஒரே பிரதி இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்று ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். இரண்டு ஃபில்டர்களைச் சங்கிலியாகத் தொடுத்தால், ஏதோ ஒரு பிரதி மத்தியக் கிளையில் இருந்து, வேறு ஏதோ ஒரு பிரதி எங்கோ அலமாரியில் இருந்தாலும் போதும். வாசகர் பேருந்து பிடித்து மத்தியக் கிளைக்கு வந்து பார்த்தால் நூல் இரவலில் போயிருக்கும். எனவே மரத்தை முழுவதும் ஒரே கியூவாக்கி ஒரு முறை மட்டும் ஃபில்டர் செய்வதே பிரதிகளுக்குச் சரி. ஆனால் நூலின் பொருள்தலைப்புகளுக்கு இதுவே தவறாகிறது: 'வரலாறு', 'பயணம்' இரண்டும் உள்ள நூல் வேண்டும் என்றால், ஒரே தலைப்பு இரண்டாகவும் இருக்க முடியாது, விடை வெறுமையாகும். அங்கே சங்கிலிதான் வேண்டும், அல்லது தலைப்பு ஒவ்வொன்றுக்கும் தனியே ஓர் உள்வினவல். எந்தப் புலம் எந்த வகை என்பதை மரம் சொல்லாது. நாம்தான் எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

நடுவில் ஒரு பட்டியல்

அந்த 'எங்காவது' என்பதைத்தான் எல்லா வழிகளுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. உலாவி சொல்லும் பெயருக்கும் தரவுத்தளத்தின் புலத்துக்கும் நடுவே நம் கையால் எழுதிய ஓர் அட்டவணை. 'ஆண்டு' என்றால் எந்தப் புலம், முழு எண்தானா, சமம், குறைவு, மிகுதி, வெற்று ஆகிய எந்தெந்தச் செயற்குறிகள் செல்லும். 'தலைப்பு' என்றால் 'உள்ளடக்கியது', 'தொடங்குவது' மட்டும். 'பொருள்தலைப்பு' என்றால் தனி உள்வினவல். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் புறக்கணிக்காமல் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். புறக்கணித்தால் எழுத்துப் பிழையான ஒரு வடிகட்டி மௌனமாகக் காணாமல் போய், மேலே சொன்ன குறுஞ்செய்திக் கதை வேறு வேடத்தில் திரும்ப வரும்.

இந்தப் பட்டியல் இருந்தால் சரம் ஒட்டும் வழிகூடப் பெரும்பாலும் பாதுகாப்பானதே. இல்லாவிட்டால் எந்த உயர்ந்த நிரல் நூலகமும் காப்பாற்றாது. இன்னொரு லாபமும் உண்டு. வாசகர்கள் தங்கள் தேடலைச் சேமித்து வைக்க விரும்புவார்கள். சேமித்த மரத்தில் தரவுத்தளப் புலத்தின் பெயரே இருந்தால், நாளை அந்தப் பெயரை மாற்றும் அன்று சேமித்த தேடல்கள் அத்தனையும் உடையும்.

மதிப்புகளைச் சீராக்கும் இடமும் அதுவே. தமிழில் தேடுகிறவர்களுக்கு இது கூடுதலாக முக்கியம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரிந்து இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தரவுத்தளத்துக்கு வெவ்வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் 'கொற்றவை' கிடைக்கமாட்டாள். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கென ஒரு சார்பைத் தருகிறது. பைத்தானின் யூனிகோட் தொகுதியிலும் உண்டு. 'உள்ளடக்கியது' தேடலில் சதவீதக் குறியும் அடிக்கோடும் சிறப்புப் பொருள் பெறுவதையும் இங்கேயே கவனிக்கலாம். ஜாங்கோ தானே தப்பிப்புக் குறி (அந்தச் சிறப்புப் பொருளை நீக்கும் குறி) சேர்க்கும், கையால் எழுதும் சரத்தில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

மற்ற வழிகள்

மாங்கோ டிபி தரவுத்தளத்தில் வினவலே ஒரு தரவு மரம்தான். மாற்றவே வேண்டாம் போலத் தோன்றும். அதுவே பொறி. உள்நுழைவுப் படிவத்தின் கடவுச்சொல் இடத்தில் சரத்துக்குப் பதில் 'இதற்குச் சமமல்ல' என்ற செயற்குறி அடங்கிய பொருளை அனுப்பினால், சோதிக்காத நிரல் அதை வினவலாகவே எடுத்துக்கொள்ளும். ஓடேட்டா போன்ற பொதுத்தரங்கள் வெளியார் பலர் நம் தரவை வினவும் இடங்களில் பயன்படும். ஒரு நூலகத்தின் ஒரு தேடல் பக்கத்துக்கு அது யானை வாங்கிக் கொட்டில் தேடும் வேலை. சொந்தமாக ஒரு சிறு மொழியே எழுதி, அதை இலக்கண மரமாக்கி, பல தரவுத்தளங்களுக்கு மொழிபெயர்ப்பது சுவையான வார இறுதி வேலை. போஸ்ட்கிரெஸுக்கும் தனித் தேடல் பொறி ஒன்றுக்கும் ஒரே மரத்தை அனுப்ப வேண்டிய நாள் வந்தால் அதைச் செய்யலாம், அதற்கு முன் வேண்டாம்.

நூலகத்துக்கு நான் தேர்ந்தது: ஜேசன் மரம், நடுவே அனுமதிப் பட்டியல், அதிலிருந்து கியூ பொருள்கள், வெளியே கிளைக் கட்டுப்பாடு. மரத்தின் ஆழத்துக்கும் இலைகளின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு. பைத்தானின் தன்சுழல் அழைப்புகள் (சார்பு தன்னையே அழைப்பது) இயல்பாக 1,000 ஆழத்தில் நின்றுவிடும் என்றாலும், அது வரை ஒருவரை இறங்க விடக் காரணம் எதுவும் இல்லை. மாதாந்திர அறிக்கை இரண்டை மட்டும் நிரந்தர எஸ்.கியூ.எல். வினவலாகவே விட்டுவிட்டேன், அவற்றை நூலகரே திருத்துகிறார்.

பழைய நிரலிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் ஒரு சோதனையை மட்டும் தவற விடாதீர்கள். 'மொழி தமிழ் அல்லாதவை' என்று இரண்டிலும் தேடி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கையால் எழுதிய எஸ்.கியூ.எல். வினவலில் மொழி நிரப்பப்படாத நூல்கள் விடையில் வராது, ஏனெனில் நல்லோடு செய்யும் எந்தச் சாதாரண ஒப்பீடும் உண்மையாவதில்லை. ஜாங்கோவின் மறுப்பு நிபந்தனை நல் ஏற்கும் புலங்களுக்கு ஒரு கூடுதல் சோதனையைச் சேர்ப்பதால் அதே நூல்கள் வந்துவிடும். போஸ்ட்கிரெஸில் கையால் எழுதும்போது 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' என்று ஒப்பிட்டால் ஜாங்கோவின் விடையே கிடைக்கும். எது சரி என்று நிரலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நான் எங்கள் நூலகரிடம் கேட்டேன். அவர் மொழி நிரப்பாத நூல்களின் பட்டியலை அச்சிட்டுத் தரச் சொன்னார். அந்த வாரமே ஒவ்வொன்றாக எடுத்து நிரப்பத் தொடங்கிவிட்டார்.